கேப்டன் வீட்டில் இரண்டு நாள்

அக்கா தம்பி நடத்தும் ஓட்டலில் இரண்டு நாளைக்கு அறை போட்டது கடல் பார்க்க அல்ல. அந்தக் கடலைப் பிறந்ததிலிருந்து பார்த்தவள் அவள். நாலு பேர் முன்னால் தம்பியின் மூக்கை உடைக்க வேண்டும், வந்த காரியம் அவ்வளவுதான். எட்டு மாதமாக உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தாள். அறையைக் கணவர் பெயரில், கணவர் போனிலிருந்து பதிவு செய்தாள். வீட்டு மனுஷியாகப் போனால் ஒரு காபியைக் கொடுத்து அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவான். பணம் கட்டிய விருந்தாளியை அப்படிக் கிளப்ப முடியாது.

ஓட்டல் என்றதும் பெரிய கட்டடமாக நினைக்க வேண்டாம். கடற்கரைக்குப் பின் தெருவில் ஒரு மாடி வீடு, ஏழே அறை. அக்காவும் தம்பியும் பிறந்து வளர்ந்த வீடு, அப்பா கட்டியது. அப்பா கழிவுநீர் லாரி ஓட்டினார். ஊரில் யார் வீட்டுத் தொட்டி நிரம்பினாலும் அவர்தான் குழாயை இறக்கி உறிஞ்சி எடுக்க வேண்டும். ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு நீட்டிய காசில் செங்கல் செங்கல்லாக எழுப்பிய வீடு அது. தம்பி அதற்கு வெள்ளையடித்து, கதவுக்கெல்லாம் நீலம் பூசி, விளக்குகளைக் கயிற்றில் தொங்கவிட்டு, ‘கேப்டன் இல்லம்’ என்று பலகை மாட்டிவிட்டான்.

எந்தக் கேப்டன் என்று கேட்டால், கூடத்தில் தொங்கும் தாடிக்காரர் படத்தைக் காட்டுவான். பழைய சாமான் கடையில் சட்டத்தோடு வாங்கியது. இவர் பன்னிரண்டு கடல் சுற்றியவராம், கடைசிக் காலத்தில் ஓய்வெடுக்க இந்த வீட்டைக் கட்டினாராம். அறைக்கு அறை இந்தக் கதையை அட்டையில் அச்சடித்து வைத்திருந்தான். அது போதாதென்று, தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு விருந்தாளிகளைக் கூட்டி, கையில் டீயைக் கொடுத்து, வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டே வாயாலும் அளப்பான்.

இதைக்கூட அக்கா பொறுத்துப் போயிருப்பாள். வயிற்றுப்பாட்டுக்காக மனிதர்கள் என்னென்னவோ அளக்கிறார்கள். அப்பா செத்தபோது அவன் செய்ததைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை. அப்பா பின்பக்க அறையில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அது சீசன் நேரம், ஏழு அறையும் நிரம்பியிருந்தது. விடிகாலையில் உயிர் போனது. விருந்தாளிகள் காலைச் சாப்பாட்டுக்கு இறங்கி வருவதற்குள் பின்கதவு வழியாக உடலைக் கடத்தி, வெயில் ஏறுவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டான். அக்காவுக்குத் தகவல் வந்தது மூன்றாம் நாள். “உன் போன் கிடைக்கலக்கா” என்றான். போன் அவள் தலைமாட்டிலேயேதான் இருந்தது. வந்தால் வாய்விட்டு அழுவாள், மாடி வரைக்கும் கேட்கும். அந்தப் பயத்தில், பெற்ற அப்பாவின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க விடாமல் செய்துவிட்டான் பாவி.

வரவேற்பு மேசையில் தம்பி மனைவி உட்கார்ந்திருந்தாள். பார்த்ததும் முகம் வெளிறிப்போயிற்று.

“அண்ணி! என்ன, ஒரு வார்த்தை சொல்லாம வந்துட்டீங்க?”

“சொல்லிட்டுச் செய்யிற பழக்கம் இந்த வீட்ல எப்போ இருந்துச்சு? நாலாம் நம்பர் ரூம். சாவியக் குடு.”

தம்பி மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தான். அக்காவை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

“அக்கா, என்மேல உனக்குக் கோவம் இருக்கும், இல்லேங்கல. மேல ஒரு பத்திரிகைக்காரம்மா தங்கியிருக்காங்க. நம்ம ஓட்டலப் பத்தி எழுத வந்திருக்காங்க. இன்னைக்கு ஒரு நாள் வாயத் தொறக்காத. உன் கால்ல விழறேன்” என்று நிஜமாகவே குனிந்தான்.

“எழுந்திருடா, சட்டை அழுக்காயிடும். நான் கதை கேக்க வந்தவ. அஞ்சு மணிக்குத்தானே?”

பத்திரிகைக்காரி இருப்பது அதுவரை அவளுக்குத் தெரியாது. இப்படித் தானாக வந்து வாய்க்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

அக்கா துணி ஆலையில் இருபத்தாறு வருஷமாகத் தரம் பார்க்கிறவள். ஒரு சட்டையை உதறிப் பிடித்தாலே கண் பிசிறு இருக்கும் இடத்துக்குத்தான் போகும். அறையில் உட்கார்ந்து அந்த அட்டையையும் அப்படித்தான் மூன்று தடவை படித்தாள்.

ஐந்து மணிக்குக் கூடத்தில் ஆறு பேர் கூடினார்கள். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, ஓய்வுபெற்ற பேராசிரியர், அவர் மனைவி, நோட்டும் கையுமாகப் பத்திரிகைக்காரி, அப்புறம் அக்கா. தம்பி அவள் பக்கமே திரும்பாமல் கதையை எடுத்துவிட்டான். புயல், திமிங்கிலம், தீவு ராஜாவின் பரிசு என்று பிரமாதமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

“கேப்டனுக்குக் குழந்தைங்க உண்டா, சார்?” என்றாள் அக்கா, ஒன்றும் அறியாதவள் போல.

“ஒரு பையன்.”

“பொண்ணு?”

“இல்ல.”

“அய்யோ பாவம். எப்படிச் செத்தாரு?”

“கடைசிப் பயணத்துல… கப்பல் மூழ்கி.”

“அப்போ கடைசியா முகத்தைக்கூட யாரும் பாத்திருக்க மாட்டாங்க.”

“ஆமா” என்றான். அவன் சத்தம் அவனுக்கே கேட்டிருக்காது. பேராசிரியர் மனைவி உச்சுக் கொட்டினாள்.

வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்க அறைக்கு வந்தார்கள். அது இப்போது ‘கேப்டனின் வாசிப்பு அறை’. அப்பாவின் கட்டில் கிடந்த இடத்தில் ஒரு பூகோள உருண்டை நின்றது. அக்கா அதை ஒரு விரலால் சுற்றிவிட்டாள்.

“சார், ஓய்வெடுக்கறதுக்காக வீட்டைக் கட்டினாருன்னு அட்டையில போட்டிருக்கு. நீங்க கடல்லயே போயிட்டாருங்கறீங்க. அப்போ இங்க ஓய்வெடுத்தது யாரு?”

புது மாப்பிள்ளை சிரித்துவிட்டான். பத்திரிகைக்காரி எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தாள்.

“இந்தப் பின்கதவு எதுக்கு சார்?”

“சாமான் கொண்டு வர.”

“கொண்டு வர மட்டும்தானா?”

“போதும்க்கா!” என்று கத்திவிட்டான்.

“அக்காவா?” என்றாள் பத்திரிகைக்காரி.

“ஆமாம்மா, கேப்டனுக்குப் பிறக்காத பொண்ணு நான்தான்” என்று அக்கா ஆரம்பித்தாள். லாரியைச் சொன்னாள், தொட்டியைச் சொன்னாள். அப்பா பகலெல்லாம் அந்த நாற்றத்தில் வெந்துவிட்டு, வாசலிலேயே மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் பிள்ளைகளைத் தூக்குவார் என்றும் சொன்னாள்.

தம்பி முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் பத்திரிகைக்காரியின் கண்கள் பளபளத்தன. “இதுதான் சார் கதை! இதை விட்டுட்டு ஏன் யாரோ கேப்டன்?” என்றாள். தம்பி அவளை ஒரு நொடி பார்த்தான். அடுத்த நொடி அவன் ஆளே மாறிவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எங்கப்பா மாதிரி ஒரு உழைப்பாளி பிறந்து வரணும் மேடம். ஊர் என்ன சொல்லுமோன்னு பயந்துட்டேன். நாளைக்கே அட்டையை மாத்திடறேன்” என்றான். பேராசிரியர் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

அக்காவுக்கு ஒரு நிமிஷம் தலை சுற்றியது. அடிக்க ஓங்கிய கம்பை அவன் பிடுங்கி, அதையே ஊன்றிக்கொண்டு நடக்கிறானே! அப்பாவை ஒளித்து வைத்தும் சம்பாதித்தான், இனி எடுத்துக் காட்டியும் சம்பாதிப்பான்.

“மிச்சத்தையும் சொல்லுடா” என்றாள்.

“என்னக்கா மிச்சம்?”

“இந்தக் கதவு. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

அவளே சொன்னாள். குரலை உயர்த்தாமல், அழாமல், நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். பூகோள உருண்டை மேல் கை வைத்திருந்த பேராசிரியர் கையை எடுத்துக்கொண்டார். புதுப்பெண் டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

“நிஜமா சார்?” என்றாள் பத்திரிகைக்காரி.

தம்பி ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

“சீசன் நேரம், மேடம்” என்றான்.

அதற்குப் பிறகு யாரும் அவனைப் பார்க்கவில்லை. பத்திரிகைக்காரி மட்டும் அந்த மூன்று வார்த்தையையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் கிளம்பிப் போனாள். போகும்போது அக்காவின் கையைப் பிடித்து, ஒன்று விடாமல் எழுதுவேன் என்றாள். புது ஜோடியும் ஒரு நாள் முன்னதாகவே பெட்டியைக் கட்டியது. மத்தியானம் புதிதாக ஒரு குடும்பம் வந்து இறங்கியது. அட்டையை எல்லா அறையிலிருந்தும் எடுத்திருந்தார்கள்.

சாயங்காலம் தம்பி மனைவி அறைக் கதவைத் தட்டினாள். “அண்ணி, அவருக்கு உடம்பு சரியில்ல. இன்னைக்குக் கதை கிடையாது.”

“அறையோட கதையும் சேத்துத்தானே பதிவு பண்ணேன்? வரச் சொல்லு.”

கூடத்தில் முதல் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பேராசிரியரும் மனைவியும் வந்தார்கள். புதுக் குடும்பம் விஷயம் தெரியாமல் டீயோடு பின்னால் நின்றது. தம்பி வந்தான். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். அப்பா லாரி ஓட்டியதை எப்படியோ சொல்லிவிட்டான், வீடு கட்டியதையும் சொல்லிவிட்டான். அதோடு நிறுத்திக்கொண்டு அக்காவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்த கெஞ்சல் அவளுக்கு நன்றாகவே புரிந்தது.

அவள் டீயை ஒரு வாய் குடித்தாள். “பின்கதவு” என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ முணுமுணுத்தான்.

“சத்தமா சொல்லுடா. பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல.”