ஆன்டெனாவும் ஆறு நிமிடப் பேட்டியும்

நான்கரை மணிக்கு அவள் தொலைக்காட்சியில் வரவிருந்தாள். தையற்கூடத்தில் பதினாறு இயந்திரங்களை மேற்பார்வையிடும் பெண் என்று ஒரு பேட்டி. மொத்தம் ஆறு நிமிடம்; மறுஒளிபரப்பு கிடையாது. மணி நான்கு இருபது ஆகியும் திரையில் புள்ளிகள்தாம் பொரிந்துகொண்டிருந்தன.

காரணம் அவள் கணவர். பள்ளியில் புவியியல் ஆசிரியர்; ஆகவே திசைகள் நான்கும் தம் பிதுரார்ஜிதம் என்று நம்புபவர். ஆன்டெனா பொருத்த ஆள் கூப்பிடுவது தம் படிப்புக்கே இழுக்கு என்று சொல்லிவிட்டார். கட்டத்தாளில் படம் வரைந்து, காந்த ஊசி வைத்து, ஒளிபரப்புக் கோபுரத்தின் கோணத்தை அரைப் பாகையும் பிசகாமல் கண்டுபிடித்து, மொட்டை மாடியில் குழாயை நட்டார். கோணத்தில் குற்றமில்லை. ஆன்டெனாவைத்தான் முன்பின்னாக மாட்டியிருந்தார்.

தெருவில் அத்தனை மாடிகளிலும் குட்டைக் கம்பிகளே கோபுரத்தைப் பார்த்து நின்றன. இங்கே மட்டும் நெட்டைக் கம்பி. மாடிக்கு வந்ததுமே அவள் அதைக் கண்டுகொண்டாள்.

“ஏங்க, திருப்பி மாட்டிட்டீங்க. மத்த வீட்டையெல்லாம் பாருங்க.”

“ஊரே தப்பா வெச்சா நானும் வைக்கணுமா? பெரிய கம்பிதான் நிறைய வாங்கும். ஊசி, நூலு, அதோட நிறுத்திக்கோ.”

“அந்த ஊசி நூலுக்காகத்தான் என்னை டிவில காட்டப் போறாங்க. நீங்க கீழ போய்ப் பாருங்க, நான் புடிச்சுக்கறேன்.”

முழங்கால் வலித்ததால் ஆசிரியர் பெருந்தன்மையோடு இறங்கினார். அவள் குழாயை அரைச்சுற்றுத் திருப்பினாள்.

“வந்துருச்சு! கோணம் சரியா இருந்தா வந்துதானே ஆகணும்!”

பேட்டி தொடங்கிவிட்டது; தொலைக்காட்சியிலிருந்து படிக்கட்டு வழியே அவளுடைய குரலே மேலேறி வந்தது. மரை முடுக்காத குழாய், கை சற்றுத் தளர்ந்தாலும் காற்றில் நழுவியது.

“ஸ்பேனரக் கொண்டாங்க! முடுக்கிட்டு வந்து நானும் பாக்கறேன்.”

“இருடி, முடியட்டும். நல்லாத்தான் பேசற. முகம்தான் கொஞ்சம் உப்புன மாதிரி இருக்கு.”

அவருடைய சட்டைப்பையில்தான் ஸ்பேனர் இருந்தது. பேட்டியில் அவள் அடுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள்: “வீட்டுக்காரர் ஒத்தாசை இல்லேன்னா இதெல்லாம் நடந்திருக்குமா?”

“கேட்டியா? கேட்டியா?” என்றார் கீழே.

கேட்டாள். இரண்டு கைகளையும் குழாயிலிருந்து எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஆன்டெனா நிதானமாகச் சுழன்று, ஆசிரியர் மாட்டிய நிலைக்கே போய் நின்றது.