பாலத்து மேலிருந்து எடுத்த படம்

பேப்பரில் முதல் பக்கத்தில் எங்கள் தெரு வந்திருந்தது. பைகளுக்கு ஜிப் மாற்றித் தைக்கும் என் கடை, அடுத்து சாவிக்கடை, அதற்கடுத்து பழக்கடை, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்த மாதிரி. நடுவில் எறும்புகூட நுழைய முடியாது. ‘மூச்சுத் திணறும் தெரு’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே பொடி எழுத்தில் படம் எடுத்தவன் பெயர். என் கூடப்பிறந்த தம்பி.

மறுநாளே நகராட்சிக்காரர்கள் வந்து நோட்டீஸ் ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை கடைகளை எடுத்துவிடுவார்களாம்; சொல்ல ஏதாவது இருந்தால் வியாழக்கிழமை ஆபீசுக்கு வரலாமாம். வந்த கோபத்தில் தையல் மிஷினைக்கூட மூடாமல் அவன் அறைக்குப் போனேன்.

“என் கடைக்கும் சாவிக்கடைக்கும் நடுவுல ஒரு வண்டியே நிக்கும்டா. அந்த இடத்தை எங்க கொண்டுபோய் ஒளிச்ச?”

“நான் ஒண்ணும் ஒளிக்கலக்கா. பாலத்து மேலிருந்து நீள லென்ஸ்ல எடுத்தேன். அதுல தூரத்துல இருக்கறதெல்லாம் கிட்ட வந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். லென்ஸ் அப்படி.”

லென்ஸ் அப்படியாம். இவர் ஒன்றும் அறியாத பச்சைப்பிள்ளை.

காதைப் பிடித்து இழுக்காத குறையாகத் தெருவுக்குக் கூட்டிவந்தேன். குட்டை லென்ஸை மாட்டி, கடைக்கு எதிரே நின்று ஒரு படம் எடுத்தான். வாங்கிப் பார்த்தேன். தெரு மைதானம் மாதிரி விரிந்து கிடந்தது. கடைகள் ஓரமாக ஒதுங்கியிருக்க, நடுவில் ஊர்வலமே போகலாம்.

“இதைக் குடு. நாளைக்கு அதிகாரிகிட்ட காட்டறேன்.”

கேமராவைப் பிடுங்கிக்கொண்டான். “முடியாதுக்கா. குட்டை லென்ஸ் தெருவை இழுத்து விரிச்சுக் காட்டுது. இது நிஜமில்ல. பொய்ப்படம் குடுக்க என் மனசாட்சி இடம் குடுக்காது.”

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. எங்களை நெருக்கி நசுக்கியபோது அந்த மனசாட்சி எங்கே மேயப் போயிருந்தது?

“சரி, படம் வேணாம். நீயே வந்து சொல்லு. தூரத்துல நின்னு எடுத்தேன், அதான் அப்படித் தெரியுதுன்னு.”

“பேப்பர்ல வேலை போயிடும்க்கா.”

அவ்வளவுதான், மனசாட்சி படுத்துவிட்டது.

வியாழக்கிழமை நான் மட்டும் போனேன். அதிகாரி பேப்பரை மேஜைமேல் விரித்தார். “படமே பேசுதேம்மா, நீங்க என்ன பேசப்போறீங்க?” என்றார். தொண்டை கிழியச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. இரண்டு பேர் என் மிஷினைத் தூக்க, நான் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அப்போது சாவிக்கடைக்காரர் என் தோளைத் தட்டி மேலே காட்டினார். பாலத்தில் தம்பி நின்றிருந்தான், அதே நீள லென்ஸோடு, என்னையே குறிபார்த்து.

மிஷினை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். பாலத்தைப் பார்த்துக் காறித் துப்பினேன். தூரத்தில் இருப்பதெல்லாம் கிட்டே வருமாமே, அவன் முகத்திலேயே விழுந்திருக்கும்.