புல்டோசர் சாவி

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வாய் எதற்கு இருக்கிறதென்றே தெரியவில்லை. பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் வேலியோரம் வந்து, "ஏய், நாயைக் கட்டிப் போடு" என்று ஒரு சத்தம் கொடுத்தால் முடிந்துபோகிற சங்கதி. அப்படிச் செய்யமாட்டார்கள். போனை எடுத்து, ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்துகிற இணையப் பக்கத்தில் எழுதுவார்கள். அதற்குக் கீழே ஊரே வந்து எழுதும். அந்த நாயைத் தவிர மற்ற எல்லோரும் பதில் சொல்லியிருப்பார்கள்.

லொரெய்னின் கடையில் நின்று கிளைவ் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். காகிதத்தில் சுற்றிய வறுத்த மீன் கையில் ஆறிக்கொண்டிருந்தது. திட்டி முடித்ததும், "சரி, இன்னிக்கு என்ன போட்டிருக்கான்?" என்று கேட்டதும் அவர்தான்.

லொரெய்ன் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தபடி போனைத் தேய்த்தாள். "வெள்ளிக் கலர் கார் ஒண்ணு மெதுவா போச்சாம். யாருன்னு தெரியலையாம்."

"மெதுவா போறவன் எதையோ பாக்குறான்னுதானே அர்த்தம்?"

"வேகமா போனா, திருடிட்டுப் போறான்னு சொல்வீங்க."

"சிரி, சிரி. உன் கடைக்கு வரும்போது தெரியும்."

வைராமா பூமியின் தென்கோடியில் ஒரு மூன்று தெரு ஊர். பின்னால் ஆடு மேயும் குன்று, முன்னால் கடல். அந்த ஊரிலும் அந்த வருஷம் திருட்டு நடந்தது, பொய் இல்லை. ஊர்க்காரன் பாரியின் கொட்டகையிலிருந்து நாலு சக்கர பைக் போனது. விடுமுறை வீடு ஒன்றின் கதவை நெம்பி டிவியை எடுத்துப் போனார்கள். அதோடு நின்றிருந்தால் கிளைவ் மற்றவர்களைப்போலப் பேசிவிட்டு விட்டிருப்பார். ஒரு காலையில் கரைக்குப் போய் அவருடைய புல்டோசரின் டாங்க்கைத் திறந்து பார்த்தால், டீசல் ஒரு சொட்டு இல்லை. மூடியைக்கூட எவனோ பொறுப்பாக மூடிவிட்டுத்தான் போயிருந்தான். அதுதான் அவருக்கு ரொம்ப எரிந்தது.

அன்றிலிருந்து கிழவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பார். கதவைப் பூட்டிவிட்டு வந்து, பூட்டினோமா என்று மறுபடி போய்ப் பார்ப்பார். மனைவி போன பிறகு வீட்டில் இருந்தது அவரும் கெட்டிலும்தான். கெட்டில் விசிலடித்தால்கூட யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்த்தார்.

ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். பட்டணத்து ஸ்டேஷனிலிருந்து கான்ஸ்டபிள் பிரியோனி வந்தாள். சின்ன வயசு, நேராகப் பேசுகிற பெண்.

"எங்க கணக்குப்படி இந்த வருஷம் குற்றம் போன வருஷத்தைவிடக் குறைவு. பேச்சுதான் அதிகமாயிருக்கு," என்றாள்.

"உன் கணக்குல குற்றம் குறைஞ்சிருக்கு. என் டாங்க்ல டீசல் குறைஞ்சிருக்கு," என்றார் கிளைவ். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"உங்க டீசல் போனது நிஜம் பெரியவரே. அதை நான் இல்லைன்னு சொல்லல. கொட்டகையைப் பூட்டுங்க, சாமான்ல பேர் போடுங்க. சந்தேகம்னா ஊர்ப் பக்கத்துல எழுதாம எனக்கு போன் பண்ணுங்க."

அப்போது ரஹேரா எழுந்தாள். சிங்கி இறால் பிடிக்கிற படகை அவளும் தம்பி பீட்டாவும் ஓட்டுகிறார்கள். அவளுடைய அப்பாவும் கிளைவும் ஒரே படகில் கிழவர்களானவர்கள். அதனால் அவளுக்கு அவர் மாமா.

"வீட்டைப் பூட்டுங்க, கொட்டகையைப் பூட்டுங்க. கரையில நிக்கிற வண்டிச் சாவியில மட்டும் யாரும் கை வைக்காதீங்க. அவ்வளவுதான் நான் கேக்குறது," என்றாள். சொன்னது எல்லோருக்கும், பார்த்தது கிளைவை.

வைராமாவில் துறைமுகம் கிடையாது. படகு திரும்பி வரும்போது, சக்கரம் வைத்த பெரிய தொட்டிலை அலைக்குள் இறக்கி, படகை அதில் ஏற்றி, புல்டோசரால் கூழாங்கல் மேட்டுக்கு இழுக்க வேண்டும். கரையில் மூன்று வண்டிகள் துருவேறி நிற்கும். மூன்றிலும் சாவி செருகியே இருக்கும். யார் வண்டி என்ற பேச்சே இல்லை. கடல் முகம் மாறினால் பக்கத்தில் நிற்கிறவன் ஓடிப்போய், கைக்கு எட்டிய வண்டியைக் கிளப்புவான். யாரும் எழுதி வைக்காத சட்டம். அதை மீறின ஆள் அந்த ஊரில் பிறக்கவில்லை.

பிறந்திருந்தார் என்பது மறுநாள் தெரிந்தது. கிளைவ் சாவியை உருவினார். பத்தாததற்கு, சாவித் துளைக்கு மேல் ஒரு இரும்புத் தகட்டைப் பற்றவைத்து அதற்கும் ஒரு பூட்டுப் போட்டார். இரண்டு சாவியையும் ஒரு தக்கையில் கோத்துக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நடக்கும்போதெல்லாம் அது தொடையில் இடித்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நிம்மதிக்காகச் செய்த காரியம், கையை ஓயவிடவில்லை.

ரஹேரா வந்து தகட்டைப் பார்த்தாள்.

"இது என்ன மாமா, வண்டிக்கு முகமூடி?"

"உன் வண்டி இருக்குல்ல, அதுல போய்ச் சிரி."

"என் வண்டி கியர் போய்ப் பட்டணத்துல கெடக்கு. பாரியோட டிராக்டர் ஆட்டுக்குட்டியைக்கூட இழுக்காது. உங்க வண்டியை நம்பித்தான் கடலுக்குப் போறேன்."

"நான் எங்க போகப்போறேன்? வந்து கதவைத் தட்டு. சாவியோட வரேன்."

"அலை வந்து கதவைத் தட்டுமா?"

"டீசல் உங்கப்பன் வந்து ஊத்துவானா?"

இரண்டு பேருக்கும் வார்த்தை தடித்துப்போயிற்று. அவள் காலால் ஒரு கல்லை எத்திவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் வழக்கமாக அவர் வாசலில் வைக்கிற இரண்டு இறாலை வைக்கவில்லை. திருட்டு என்றால் இதுவும் திருட்டுத்தான் என்று கிளைவ் நினைத்துக்கொண்டார்.

வீட்டு வாசலுக்கு ஒரு கேமரா, கொட்டகைக்கு ஒரு சங்கிலி, இவை வாங்க ஒரு வியாழக்கிழமை அவர் பட்டணத்துக்குக் கிளம்பினார். கிளம்பும்போது கடலைப் பார்த்தார். எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. தூரத்தில் ரஹேராவின் படகு புள்ளியாகத் தெரிந்தது. காற்று ராத்திரிதான் மாறும் என்று ரேடியோ சொல்லியிருந்தது. அதற்குள் திரும்பிவிடலாம். சாவி பையில் இருந்தது. லொரெய்னிடம் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று ஒரு யோசனை வந்தது. கடை வாசலில் வண்டியை நிறுத்தவும் நிறுத்தினார். உள்ளே முகம் தெரியாத இரண்டு வெளியூர்ப் பிள்ளைகள் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே வெள்ளிக் கலர் கார். கிளைவ் இறங்காமலே ஓட்டிப் போய்விட்டார்.

பட்டணத்துக் கடையில் அவசரம் என்றால் என்னவென்று தெரியாத ஒரு பையன், ஒவ்வொரு கேமராவாக எடுத்து விளக்கினான். இருட்டில் தெரியும், ஆள் வந்தால் போனில் மணி அடிக்கும் என்றான். எந்தப் போனில் என்று கிளைவ் கேட்டார். அவரிடம் இருந்தது சுவரில் மாட்டின போன். அந்தப் பேச்சு முடியவே வெகுநேரமாயிற்று. வெளியே வந்தபோது கொடிக்கம்பத்தில் துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. காற்று தெற்கிலிருந்து. நம் பாட்டுகளில் வருகிற தென்றல் இல்லை இது. அந்தப் பக்கத்துத் தென்காற்று பனிமலையிலிருந்து நேராகக் கத்தியோடு வருகிறது.

அவர் வண்டியை விரட்டினார். வளைவுகளில் காற்று வண்டியைப் பிடித்துத் தள்ளியது. பையைத் தொட்டார். சாவி இருந்தது. அப்போதும் அதற்குச் சந்தோஷப்பட்டார் என்பதுதான் விஷயம்.

ரோடு குன்றின் பின்பக்கமாக இறங்குகிறது. அதனால் கரைக்கு முன்னால் வீடுதான் வரும். வந்து பார்த்தால் சமையலறை ஜன்னல் உடைந்து கிடந்தது.

உள்ளே ஓடினார். இழுப்பறை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டிருந்தது. தரை நெடுக ஈரக் காலடி. இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவருக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபமில்லை. ஒரு சந்தோஷம். நான் சொன்னேன், நான் சொன்னேன், என்று வெற்று வீட்டில் நின்று உரக்கச் சொன்னார்.

டிவி இருந்தது. மனைவியின் வெள்ளிக் கரண்டிகள் இருந்தன. மேஜைமேல் மட்டும் வீட்டில் இருந்த சாவிகள் அத்தனையும் குவியலாகக் கொட்டிக் கிடந்தன. கொட்டகைச் சாவி, எப்போதோ விற்ற காரின் சாவி, எதற்கென்றே தெரியாத சாவிகள். அதைப் பார்த்தும் அவருக்கு உறைக்கவில்லை. போனை எடுத்துக் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார்.

"வந்துட்டான்! பட்டப்பகல்ல ஜன்னலை உடைச்சு வந்துட்டான்! இப்ப என்ன சொல்ற உன் கணக்கு?"

எதிர்ப்பக்கம் ஒரே காற்று இரைச்சல்.

"பெரியவரே," என்றாள் பிரியோனி, "நான் உங்க ஊர்க் கரையிலதான் நிக்கிறேன். உங்க ஜன்னலை உடைச்சது யாருன்னு எனக்குத் தெரியும். கீழ வாங்க."

அவர் இறங்கிப் போகும்போது மீட்பு ஹெலிகாப்டர் மேலெழுந்தது. கரையில் ரஹேராவின் படகு பக்கவாட்டில் கவிழ்ந்து, வயிறு கிழிந்து கிடந்தது. ஒவ்வொரு அலையும் வந்து அதை ஒருமுறை தூக்கிப் போட்டது. பாரியின் டிராக்டர் அச்சு வரைக்கும் கூழாங்கல்லில் புதைந்திருந்தது. அதற்கு மேலே, நனையாமல், முகமூடியோடு, அவருடைய புல்டோசர். தகட்டில் கடப்பாரை அடித்த தழும்புகள்.

கிளைவ் நல்ல வேலைக்காரர். அவர் பற்றவைத்தது விட்டுக்கொடுக்கவில்லை.

லொரெய்னின் கையில் துணி சுற்றியிருந்தது. "ஜன்னலை உடைச்சது நான்தான்," என்றாள். "சாவி வீட்ல இருக்கும்னு நெனச்சோம். எல்லா இடத்துலயும் தேடினேன், கிளைவ். உங்க ரொட்டி டப்பாவுக்குள்ளகூட."

"பீட்டா?"

பாரிதான் சொன்னான். "டிராக்டர் சிக்கிக்கிச்சு. படகு குறுக்க திரும்பிச்சு. பீட்டா கயிறைப் பிடிக்கத் தண்ணியில குதிச்சான். படகு அவன் மேலயே வந்து விழுந்துடுச்சு. உயிர் இருக்கு. கால் நிக்குமான்னு ஆஸ்பத்திரியிலதான் சொல்லணும்."

ரஹேரா முழுக்க நனைந்து, யாரோ போர்த்திய கம்பளியோடு கல்மேல் உட்கார்ந்திருந்தாள். கிளைவ் பையிலிருந்து தக்கையை எடுத்தார். ஏன் எடுத்தாரென்று அவருக்கே தெரியாது. அவள் அதையே பார்த்தாள்.

"அது உங்க பையில பத்திரமா இருந்துச்சா மாமா?"

"ரஹேரா, காத்து ராத்திரிதான் மாறும்னு ரேடியோவுல..."

"ரேடியோவை நம்புனீங்க. லொரெய்னை நம்பல. கடை வாசல் வரைக்கும் வந்து நின்னுட்டுப் போனீங்களாமே."

"உள்ள வெளியூர்க்காரப் பசங்க இருந்தானுங்க."

"அந்தப் பசங்கதான் தண்ணியில எறங்கி எந்தம்பியை வெளிய இழுத்தாங்க."

கிளைவ் திரும்பிப் பார்த்தார். வெள்ளிக் கலர் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகள் நடுங்கியபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தனுக்கு உதடு நீலமாகியிருந்தது.

"அப்ப கள்ளனே இல்லைங்கிறியா?" என்றார். கேள்வி பழைய கேள்விதான். "என் டீசல் ஆவியாப் போச்சா?"

"கள்ளன் இருக்கான். எவன் இல்லைன்னான்?" ரஹேரா எழுந்து நின்றாள். "ஆனா பூட்டுக்கு ஆள் தெரியாது மாமா. கள்ளனையும் நிறுத்தும், கை கொடுக்க ஓடி வர்றவனையும் நிறுத்தும். எதைப் பூட்டணும், எதைப் பூட்டக் கூடாதுன்னு மனுஷன்தான் தெரிஞ்சுக்கணும். கள்ளன் வந்தான், டீசல் போச்சு. நீங்க பயந்தீங்க, எந்தம்பி கால் மிஞ்சுமான்னு தெரியல. ஊர்ல எது பெரிய ஆபத்துன்னு நீங்களே சொல்லுங்க."

கான்ஸ்டபிள் தொப்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தாள். அவள் கணக்கில் இதற்குக் கட்டம் இல்லை. பயத்துக்கு யார் பேரில் வழக்குப் போடுவது?

கிளைவ் புல்டோசரில் ஏறினார். தகட்டைத் திறந்தார். ஒரு திருகலில் எஞ்சின் உறுமியது. கவிழ்ந்து கிடந்த படகில் பாரி சங்கிலியை மாட்டினான். அது கிளைவ் பட்டணத்திலிருந்து கொட்டகைக்கு வாங்கிவந்த புதுச் சங்கிலி; மேலே அவர் வண்டியிலிருந்து யாரோ எடுத்து வந்திருந்தார்கள். படகில் மிச்சமிருந்ததை அலை எட்டாத இடத்துக்கு இழுத்துப் போட்டார்கள். அது இனிக் கடலுக்குப் போகாது. அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும்.

எஞ்சினை அணைத்தார். தகட்டிலிருந்த பூட்டைக் கழற்றிக் கடல் பக்கமாக வீசினார். சாவியை உருவவில்லை. தக்கை அதிலேயே தொங்கி ஆடியது.

இறங்கி வந்து ரஹேராவின் முன்னால் நின்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாய்க்குப் பழக்கமில்லாதது.

"ஆஸ்பத்திரிக்கு என் வண்டியில வா. போலாம்," என்றார்.

"லொரெய்ன் கூட்டிட்டுப் போறா," என்றாள் அவள்.

அவர் தலையை ஆட்டினார். காரில் இருந்த பிள்ளைகளைக் கடந்து போகும்போது கோட்டைக் கழற்றி, உதடு நீலமாயிருந்தவன் மடியில் போட்டார். போட்டுவிட்டு அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். காரின் நம்பரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலைல பாரு," என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார். "அந்த டாங்க்ல ஒரு சொட்டு இருக்காது."

"போனா மறுபடி ஊத்திக்கலாம்," என்றான் பாரி.

"ஊத்து, ஊத்து," என்று முணுமுணுத்துக்கொண்டே கிழவர் எதிர்காற்றில் மேடேறினார். பழக்கத்தில் கை பைக்குள் போய்த் துழாவியது. வெறும் பை. கொஞ்சம் நின்றார், திரும்பவில்லை, நடந்தார்.