வார்டிலேயே இளையவன்

…ஆகவே மனித உடல் என்பது ஒழுக்கத்துக்குக் கட்டுப்பட்ட மாபெரும் ராஜ்யம், அதில் அரசனின் உத்தரவில்லாமல் ஒரு நரம்புகூட அசையாது, என்று வருஷக்கணக்காக நீச்சல் குளத்துக் கரையில் நின்று முழங்கிவந்த கோச், இப்போது நடுவில் ஓட்டையுள்ள ரப்பர்த் தலையணையின் மேல், ஒரு பக்கமாகச் சாய்ந்து, அரசனுக்குரிய முகத்தோடு உட்கார்ந்திருந்தான்… சாய்வது வலியால் அல்ல, அது ஒரு தோரணை, அப்படித்தான் நர்ஸிடம் சொல்லியிருந்தான், அவளும் சிரிக்காமல் தோரணைக்கென்று இன்னொரு தலையணை கொண்டுவந்து செருகிவிட்டுப் போனாள். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. கையில் கம்பளி உறை, ஏனென்றால் இந்த மருந்து ஏறினால் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல் நுனியில் ஊசி குத்தும், தண்ணீர், கதவுக் கைப்பிடி, ஸ்பூன் எல்லாமே… வாழ்நாளெல்லாம் தண்ணீரில் கிடந்தவனுக்குத் தண்ணீரே ஆகவில்லை, இதில்கூட ஒரு கம்பீரம் இருக்கிறது அல்லவா? சுற்றிலும் பார்த்தான், நாற்காலிக்கு நாற்காலி நரைத்த தலை, பல் செட்டு, காது மெஷின், தூக்கத்தில் திறந்த வாய்கள். இத்தனை பேருக்கு நடுவில் முப்பத்தாறு வயது அவன் ஒருவனுக்குத்தான். போன முறை டாக்டரம்மா மாணவர்களைக் கூட்டிவந்து, முப்பத்தாறு, மலக்குடல் புற்றுநோய், மூணாவது கட்டம் என்று அறிமுகப்படுத்தியபோது ஒரு மாணவி ஐயோ என்றாள், அந்த ஐயோவுக்கு அவன் வயிற்றை உள்ளே இழுத்து, தோளை விரித்து, போட்டோவுக்கு நிற்பதுபோல் உட்கார்ந்தான், தையல் சுரீரென்றது, காட்டிக்கொள்ளவில்லை.

பக்கத்து நாற்காலியில் வங்கி மேனேஜர், ஓய்வுபெற்றவர், எழுபத்திரண்டு வயது, அவருக்கும் இதே வியாதிதான். ஆனால் வியாதி வந்த லட்சணத்தைப் பாருங்கள்… “ஒரு வலி இல்ல, ஒரு சொட்டு ரத்தம் இல்ல கோச். பென்ஷன்காரங்களுக்குச் செக்கப் இலவசம்னாங்க, இலவசத்தை விடுவானேன்னு போய்ப் படுத்தேன், மாட்டிக்கிச்சு. ரெண்டாவது கட்டம்தானாம். உங்களுக்கு?” மூணு, என்றிருந்தான் கோச், நிதானமாக. மூன்றாவது இடத்துக்கு இவ்வளவு பெருமைப்பட்ட பயிற்சியாளர் உலகத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. அவருக்கு ஒரே ஒரு லேசான மருந்து, வயசாச்சே, தாங்காது என்று. இவனுக்கு எல்லாவற்றையும் கலந்து, முழு வேகத்தில். சின்ன வயசு, தாங்குவீங்க என்று டாக்டரம்மா சொன்னதை அவன் பதக்கம்போல வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினான், அவள் அழுதாள், பெண்களுக்குப் பாராட்டு எதுவென்று புரிவதில்லை. பின்னே, கொஞ்சமாகவா தாங்கினான்? ஒரு வருஷம் ரத்தம் போயிற்று, குளத்துக் கரை சிமென்ட் பெஞ்சு சூடு என்றான். தெருமுனை டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்காமல், இந்த வயசுல வேற என்ன வரப்போகுது, மூலம்தான், நிறையத் தண்ணி குடிங்க என்றார், நீச்சல்காரனிடம்! மாடிப்படியில் மூச்சு வாங்கியது, பயிற்சி கூடிப்போச்சு என்றான். எடை குறைந்தது… அதை மட்டும் எப்படி மறப்பது, பேன்ட் இடுப்பில் நிற்காமல் வழுக்கிய அந்த மாதம் முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று தன்னையே மெச்சிக்கொண்டிருந்தானே.

எல்லாம் சரி, ஆனால் தம்பி விஷயம்? அந்த ஒன்றுதான் இடித்தது. முதல் நாளே டாக்டரம்மா சொல்லிவிட்டாள், இவ்வளவு சின்ன வயசுல உங்களுக்கு வந்திருக்கு, கூடப் பிறந்தவங்க யாரா இருந்தாலும் உடனே கேமரா விட்டுப் பாத்திரணும், ஐம்பது வயசு ஆகட்டும்னு காத்திருக்கக் கூடாது என்று. ஒவ்வொரு முறையும் கேட்கிறாள். ஒவ்வொரு முறையும், சொல்லிட்டேன் டாக்டர், அவனுக்கு லீவு கிடைக்கலை… இன்றைக்கும் அதையேதான் சொன்னான். தம்பிக்கு முப்பத்தொன்று, லிஃப்ட் மெக்கானிக், அண்ணன் என்றால் உயிர். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணனுக்குக் குடலிறக்கம், அதிக எடை தூக்கியதால் வந்தது, ஆபரேஷன் ஆயிற்று என்பதுதான். குடலிறக்கம், அது வீரனுக்கு வருகிற வியாதி, நாலு பேர் நடுவில் சொல்லிக்கொள்ளலாம். இது? இது இருக்கிற இடத்தின் பெயரைத் தம்பியிடம் எந்த வாயால் சொல்வது? சின்ன வயதில் அவனைக் குளத்தில் தள்ளிவிட்டு நீந்தடா என்று கத்திய வாயாலா? நீங்க சொல்றீங்களா, இல்ல நான் சொல்லட்டுமா என்று காலையில் கதவைப் பிடித்துக்கொண்டு மனைவி கேட்டாள். நானே சொல்றேன், அதுக்கு ஒரு சந்தர்ப்பம் வேண்டாமா… சந்தர்ப்பம் என்பது எப்படி வரும், மணி அடித்துக்கொண்டா?

எதிர் நாற்காலிக்கு ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். நோயாளியின் மகளாக இருக்கும் என்று பார்த்தால் நர்ஸ் அவள் கையில் ஊசி போட நரம்பைத் தேடினாள். ஜீன்ஸ், செம்பட்டைச் சாயம் பூசிய முடி. “இதுக்கு முடி கொட்டுமா சிஸ்டர்? நான் முடி வெட்டுறவ, என் தலையே மொட்டையா இருந்தா எவ வந்து உக்காருவா?” இதுக்குக் கொட்டாதும்மா என்றாள் நர்ஸ். கோச் தொண்டையைச் செருமிக்கொண்டு, எதார்த்தமாகக் கேட்பதுபோல, வயசு என்னம்மா என்று கேட்டான். “இருபத்தேழுண்ணா.” மேனேஜர் கண்ணைத் திறந்து, “அடடா, கோச், உங்க சாதனையை முறியடிச்சிட்டாங்களே” என்றார். கோச் சிரித்தான், சிரிக்கத்தான் வேண்டும், ஆனால் உள்ளே எதுவோ நழுவிப் போயிற்று… சே, என்ன மனசு இது, ஒரு சின்னப் பெண்ணுக்கு வந்திருக்கிறது, அதில் போய்ப் பட்டம் பறிபோச்சென்று… ஒருவேளை அவளுக்கு இரண்டாவது கட்டமாக இருக்குமோ?

“மூணுண்ணா,” என்றாள், கேட்காமலே. “எனக்கும் மூலம்னுதான் சொன்னாங்க. நின்னுக்கிட்டே வேலை பாக்குறல்ல, அதான்னு. நானும் களிம்பா வாங்கித் தடவுனேன், முகத்துக்குக்கூட அவ்வளவு தடவுனதில்ல. ஆனா ஒண்ணு, எங்க அக்காவைப் போன வாரமே இழுத்துட்டுப் போய்ப் பாக்க வெச்சுட்டேன். உள்ள ரெண்டு முளை மாதிரி இருந்துச்சாம், அப்பவே கிள்ளி எடுத்துட்டாங்க. மறுநாளே கடையில நிக்கிறா, இல்லன்னா இன்னும் கொஞ்ச வருஷத்துல என் பக்கத்து நாற்காலிதான். உங்களுக்குக் கூடப் பிறந்தவங்க?” ஒரு தம்பி. “பாத்தாச்சா?” கோச் ஜன்னலைப் பார்த்தான். வயதிலும் தோற்று, கட்டத்தில் சமமாகி, இதிலும் ஒரு முடிவெட்டுகிறவள் முந்திக்கொண்டு போவதா? நேற்று வந்தவள்! போனை எடுத்தான். கம்பளி விரலுக்குத் திரை அசைந்து கொடுக்கவில்லை, உறையைக் கழற்றினால் ஊசி குத்தும், மூக்கால் தேய்த்துப் பார்த்தான். “குடுங்கண்ணா” என்று எட்டி வாங்கியவள், தம்பி என்ற பெயரை அழுத்தி, ஸ்பீக்கரையும் போட்டு அவன் மடியில் வைத்தாள்.

“சொல்லுண்ணா, சீக்கிரம், லிஃப்ட் கூண்டு மேல நிக்கிறேன்.” கோச் கௌரவமான ஒரு சொல்லைத் தேடினான், ஆரோக்கியம், பரிசோதனை, முன்னெச்சரிக்கை… எதுவும் வரவில்லை, வந்தது குளத்துக் கரைக் குரல்தான், அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்குக் கேட்கிற குரல்: “டேய், கக்கூஸ் போறப்ப உனக்கு ரத்தம் வருதாடா?” வார்டில் தூங்கிய வாய்கள் எல்லாம் மூடிக்கொண்டன. நர்ஸ் டிரேயோடு நின்றுவிட்டாள். போனில் ஏதோ ஸ்பேனர் இரும்பில் உரசும் சத்தம், பிறகு அதுவும் நின்றது.

“ஆமா… யாருண்ணா சொன்னா? உங்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன். சொன்னா உடனே பழம் தின்னு, தண்ணி குடின்னு ஆரம்பிச்சிருவே, அதான்…”

“எனக்கு வந்தது குடலிறக்கம் இல்லடா,” என்றான் கோச். குரல் முதல்முறையாகப் பக்கத்து நாற்காலிக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு இறங்கியிருந்தது. “அப்புறம்?” சொன்னான், இடத்தின் பெயரையும் சேர்த்து. பெட்டிக்குள் ஸ்பேனரைப் போடும் சத்தத்தோடு தம்பி, “இரு, கீழ இறங்கிட்டுக் கூப்பிடுறேன்” என்றான்.

வெறும் மூலமாகவும் இருக்கலாம், மேனேஜர் சொல்லிக்கொண்டிருந்தார், எல்லாருக்கும் அதுவாவே இருக்கணுமா என்ன… இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அந்தப் பெண் போனை அவன் மடியில் நேராக வைத்துவிட்டுத் தன் ஊசிக்கையைத் தடவிக்கொண்டாள், பயம் வழியில் இருக்கிறது, மாடியேறி வந்துகொண்டிருக்கிறது என்று கோச்சுக்குத் தெரிந்தது. ஆனால் தம்பி ஆமா என்று சொன்ன அந்தக் கணத்தில் அவனுக்கு முதலில் வந்தது பயம் அல்ல. சரியாகக் கண்டுபிடித்துவிட்டோமே என்ற பெருமை.