சீர் ஊர்வலத்துக்கு ஒரு பல்சக்கரம்

என் வீட்டுக்காரர் கவியரசனுக்குக் கோபம் வந்தால் பேசமாட்டார். கையில் கிடைத்த பல்சக்கரத்தின் பற்களை எண்ணத் தொடங்கிவிடுவார். எனக்குக் கோபம் வந்தால் நான் பேசுவேன். அதனால்தான் கீரமங்கலத்தில் எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு குரல் மட்டும் கேட்கும்.

அவர் ஐ.டி.ஐ.யில் ஆசிரியர். சாப்பாட்டு மேசை மேல் ஒரு ரோடு ரோலர் செய்து வைத்திருந்தார். ஒரு முழம்கூட இருக்காது. ஆனால் உள்ளே இருப்பது பெட்ரோலில் ஓடும் நிஜ இஞ்சின். அது ஓடினால் சாம்பாரில் புகை வாசம் வரும்.

குளத்தூரில் இருக்கும் என் நாத்தனார் செல்வராணியின் மகள் பிரகதாவுக்கு ஏழு வயது. போன வருடம் குலசாமி கோயிலில் காது குத்த உட்கார வைத்தபோது, ஊசியைக் கண்டதும் தாய்மாமனான இவர் மடியிலிருந்து திமிறிக்கொண்டு ஓடி, வந்த வேனில் ஏறி உள்ளே பூட்டிக்கொண்டாள். கறிச்சோறு சாப்பிட்டு எல்லோரும் கிளம்பினார்கள். காது மட்டும் குத்தியபாடில்லை.

இந்தக் கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள் ரோலரைப் பார்த்து நிபந்தனை போட்டாள். "மாமா, இதே மாரி பெருசா செஞ்சு என்னைய ஏத்திக்கிட்டுப் போனா நான் காது குத்திக்கிறேன்."

இவர் உடனே தலையாட்டிவிட்டார். செல்வராணி பத்திரிகையே அடித்துவிட்டாள். பிறகு எனக்கு போன் செய்தாள். "அண்ணி, வண்டி வரலைன்னா இவ இந்தத் தடவையும் ஓடிருவா. எங்க மாமியா இப்பவே, ஒங்க அண்ணன நம்பியா பந்தல் போடுறதுன்னு கேக்குறாக."

இவர் எல்லாவற்றையும் நாலு மடங்காகச் செய்தார். சக்கரம், சட்டம், இஞ்சின், எல்லாம். பற்களின் எண்ணிக்கையை மட்டும் மாற்றவில்லை. சின்ன ரோலரில் சின்ன சக்கரத்துக்குப் பன்னிரண்டு பல், பெரியதற்கு நாற்பத்தெட்டு. பெரிய ரோலரிலும் அதேதான், பல் மட்டும் பெரிய பல்.

"அப்பத்தான் இதோட அழகு மாறாது, பிரியா" என்றார்.

அழகைக் குளத்துக்கரை ரோட்டில் பார்த்தேன். பிரகதாவுக்குப் பதிலாக ஓர் அரிசி மூட்டையை உட்கார வைத்துக் கிளப்பினார். ரோலர் முனகி அணைந்தது. மறுபடி கிளப்பி இருவரும் சேர்ந்து தள்ளினோம். தள்ளியதும் அது மூட்டையோடு சைக்கிள் வேகத்தில் கிளம்பிவிட்டது. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். நான் கரையில் உட்கார்ந்து சிரித்தேன். பிரகதா ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றது.

திரும்பி வந்தவர் மூச்சு வாங்கியபடி சொன்னார். "நீள அகலம் நாலு மடங்குன்னா எடை அறுபத்திநாலு மடங்கு. சக்கரம் ஒரு சுத்துக்கு நாலு மடங்கு தூரம் போகுது. இதத்தான் நான் பசங்களுக்கு நடத்துறேன். எனக்கு மறந்துபோச்சு பாரு."

பாவமாக இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவர் போட்ட கணக்கைப் பார்த்து எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மனிதன் நடக்கும் வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்று எழுதி, அதற்கு ஏற்ற பல்சக்கரம் தேடிக்கொண்டிருந்தார்.

"சீர்த்தட்டத் தூக்கிக்கிட்டு எவ அஞ்சு கிலோமீட்டர் வேகத்துல நடப்பா? ஒங்க தங்கச்சி கல்யாணத்துக்குப் பலாப்பழத் தட்டு தூக்குனவ நான். போயி ஒரு சீரப் பாத்துட்டு வாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமையே கடைவீதி வழியாக ஒரு காதணி விழாச் சீர் போனது. இவர் செல்போனும் கையுமாகக் கூடவே நடந்தார். கொட்டுக்காரர்கள் பத்தடிக்கு ஒரு முறை நின்று சுழன்று அடித்தார்கள். இளவட்டங்கள் ஆடினார்கள். வெடி போட நின்றார்கள். மேலே டிரோன் வந்ததும் தட்டு ஏந்திய பெண்கள் நிமிர்ந்து பார்த்து நின்றார்கள். இவரும்தான்.

"எறும்பு வேகந்தான், பிரியா" என்று வந்து உட்கார்ந்தார். "இன்னொரு ஜோடி பல்சக்கரம் நடுவுல போடணும். ஒன்னுக்கு நாலு. வெட்டித்தர லேத்துக்காரர் பதினஞ்சு நாள் கேக்குறார்."

விழாவுக்கு இருந்தது ஆறு நாள். அப்போதுதான் எனக்குப் பஸ் ஸ்டாண்டு கரும்பு ஜூஸ் கடை தங்கமுத்து ஞாபகம் வந்தார். புது மெஷின் வாங்கியதிலிருந்து பழையதை வேப்பமரத்தடியில் போட்டிருந்தார். அதன் சின்ன சக்கரத்துக்குப் பதினான்கு பல், பெரியதற்கு ஐம்பத்தாறு. ஒன்றுக்கு நாலு, அச்சாக. இவர் இரண்டு தடவை எண்ணினார். ஆனாலும் முகம் சுண்டிப்போனது.

"என் டிசைன்ல ஜூஸ் மெஷினா?"

"பிரகதா டிசைனப் பாத்தா ஏறப்போறா?"

மூன்றாம் தடவை எண்ணினார்.

மாட்டினார். இருக்கைக்குப் பக்கத்திலேயே அகலத் தட்டு மாதிரி வந்து நின்றது அந்தச் சக்கரம். அதை மறைக்கத் தகரம் அடித்தார். தகரம் கடகடவென்று ஆடி உயிரை வாங்கியது. அதைக் கழற்றிவிட்டு, பாவாடை சிக்கக்கூடாது என்று கம்பிவலை போடச் சொன்னேன். அவமானம் வலைக்குள் பளிச்சென்று தெரிந்தது.

குளத்தூர் ஊர்வலத்தில் ரோலர் சீர்த்தட்டுகளுக்குப் பின்னால் தாளம் தப்பாமல் ஊர்ந்தது. கொட்டு நின்றால் நின்றது, நகர்ந்தால் நகர்ந்தது. மாமன் மடியில் பட்டுப்பாவாடையோடு பிரகதா. என் தட்டில் இந்த முறையும் பலாப்பழம்தான். ஆனாலும் சந்தோஷமாக நடந்தேன்.

மண்டப வாசலில் ரோலரை நிறுத்தினார். பிரகதா இறங்கவில்லை. ஊசியோடு நின்ற ஆசாரியைப் பார்த்துவிட்டாள். உதடு பிதுங்கியது, ஒரு கால் தரையைத் தேடியது. செல்வராணி அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"பாப்பா" என்றார் இவர், அவளை இறுக்காமல். "இந்தச் சக்கரத்துல எத்தன பல்லு? மாமாவுக்குச் சந்தேகமா இருக்கு. எண்ணிச் சொல்லேன்."

ஆசாரியிடம், இங்கேயே வாருங்கள் என்று கண்ணால் சொன்னார். பிரகதா வலையில் விரல் வைத்து எண்ணினாள். முப்பத்தொன்றில் ஊசி இறங்கியது. வீல் என்று அலறினாள். எல்லோரும் வேன் பக்கம் வழியை அடைத்துக்கொண்டு நின்றோம்.

அவள் ஓடவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிய மாமனை முறைத்தாள்.

"எண்ணிக்கை விட்டுப்போச்சு மாமா. அவரச் சொல்லாமக் குத்த வேணாம்னு சொல்லுங்க."

பிறகு அவளாகவே திரும்பி உட்கார்ந்து, குத்தாத காதை ஆசாரிப் பக்கம் காட்டிவிட்டு, ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை ஊசி இறங்கியபோது குரல் உடைந்தது, எண்ணிக்கை உடையவில்லை.

"அம்பத்தாறு" என்றாள் கடைசியில். "சரியா மாமா?"

இவர் அழுதுகொண்டிருந்தார். சரிதான் கண்ணு என்று நான்தான் சொன்னேன்.