மணியம்மாளின் பல் செட்டு

இப்போதெல்லாம் சாவுக்கு வருகிறவர்கள் பிணத்தின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் திரும்பிப்போக பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறார்கள். கும்மிடிப்பூண்டிக் கம்பெனியிலிருந்து மகன் தணிகாசலத்தோடு வந்திருந்த நாலு பேரும் மாலையைப் போட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முனுசாமி பந்தல் காலருகே குந்தியபடி, அவர்கள் காதில் விழட்டும் என்றே காறித் துப்பினார்.

விடியற்காலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன அவர் மனைவி மணியம்மாள், தொட்டி ஓரத்திலேயே விழுந்து செத்துப் போயிருந்தாள்.

மருமகள் குணசுந்தரி உள்ளேயிருந்து ஒரு செம்போடு வந்தாள். தண்ணீருக்குள் பல் செட்டு கிடந்தது.

“மாமா, அத்தைக்கு இத மாட்டி அனுப்பலாமா? வாய் வெறைச்சிட்டா அப்பறம் முடியாது.”

முனுசாமி செம்பையே பார்த்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் தணிகாசலம் அவளைப் பட்டணத்துக்கு அழைத்துப் போய்க் கட்டிக்கொண்டு வந்த பல். “ஆஸ்பத்திரில செத்தவன் வாயிலேர்ந்து புடுங்கினது. அத மாட்டிக்கினு என் எதிர்ல சோறு தின்னாத. ஆத்துல போடு” என்று அன்றே சொல்லிவிட்டார். அவளும் ஆரணியாற்றுப் பக்கம் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

“ஆத்துல போட்டது எப்டி ஊட்டுக்கு வந்திச்சி?”

“நைனா, அது செத்தவன் பல்லு இல்ல. எத்தினி தபா சொல்றது? அம்மா ஈறுல அச்சு எடுத்து, அதுக்குத் தக்கன செஞ்சது. வேற யார் வாய்க்கும் சேராது” என்றான் தணிகாசலம்.

“இரும்பு உருக்கப் போனவன் எனக்குப் பல்லு கதை சொல்றான்.”

பக்கத்து வீட்டுப் பூவம்மாள் மூக்கைச் சிந்திப் போட்டாள். “நீ கழனிக்குப் போனதும் மாட்டிக்கும்ணா. எங்க ஊட்டாண்ட குந்திக்கினு வேர்க்கடலை தின்னும். உன் செருப்பு சத்தம் கேட்டா கழட்டி முந்தானையில முடிஞ்சிக்கும்.”

யாரோ ஒருத்தி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

முனுசாமி செட்டை எடுத்துப் பார்த்தார். கடைவாய்ப் பற்கள் தேய்ந்து, இடுக்கெல்லாம் வெற்றிலைக் கறை ஏறியிருந்தது. நாலு வருஷமாக ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும், சின்ன இரும்பு உரலில் அவளுக்கு வெற்றிலை பாக்கு இடித்துக் கொடுத்தவர் அவர். “இந்தாடி பொக்கை வாயி” என்று நீட்டுவார். அவளும் வாங்கிக்கொள்வாள். ஒருநாள், “இன்னும் கொஞ்சம் நைசா இடியேன்” என்று கேட்கக்கூடச் செய்தாள். பல்லை முந்தானையில் முடிந்துகொண்டு.

“கள்ளச் சிறுக்கி.” செட்டைச் செம்பில் போட்டார். “மாட்டுங்க. அவ வாயி, அவ பொய்யி.”

மாட்டினார்கள். ஒட்டிப்போன கன்னம் நிமிர்ந்தது. பெண்கள் கல்யாணக் களை வந்துவிட்டது என்றார்கள். அவருக்கு யாரோ எதிர்வீட்டுக்காரியைக் கிடத்தியது போலிருந்தது.

பாடை தூக்குவதற்கு முன் சுமங்கலியின் வாயில் வெற்றிலை பாக்கு இடித்து வைக்க வேண்டும். குணசுந்தரி அவசரத்தில் நாலு இடி இடித்துக் கொண்டுவந்தாள். அவர் உரலைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி இடிக்க ஆரம்பித்தார். மேளம் நின்றது. கம்பெனிக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை.

“அதான் பல்லு இருக்குதே மாமா. இவ்ளோ நைசா எதுக்கு?”

“அத எவன் நம்பறது?”

விழுதாக மசிந்ததை விரலில் எடுத்து, பல்லில் படாமல் நாக்கின்மேல் வைத்தார். சிவந்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு யாரையும் பார்க்காமல், உரலைக் கையிலேயே வைத்துக்கொண்டு பாடைக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார்.