ஞானமலரின் நேர்த்தி

பொய்யைச் சொன்னவர் ஞானமலர். அதைச் சுமந்துகொண்டு ஓடியவள் அவருடைய மகள் சுஜீவா.

பீலெஃபெல்ட் நகரின் மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து எல்லோரும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நேரம். ஒருத்தி கேட்டுவிட்டாள்.

"ஞானக்கா, உங்கட மகள் இந்தக் குளிருக்குள்ள நாலு நாள் காட்டுக்குள்ள ஓடப்போறாவாம். புருஷனோட ஏதும் பிரச்சினையோ?"

ஞானமலருக்குக் காது சூடாகிவிட்டது. மகள் ஆசைக்கு ஓடுகிறாள் என்றால் யார் நம்புவார்கள்?

"அது நேர்த்தி," என்றார். "மாதாவுக்கு வைச்ச நேர்த்தி."

அதற்குமேல் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நேர்த்திக்கடனுக்காக முழங்காலில் போகிறவர்களைக்கூட யாரும் கேள்வி கேட்பதில்லை.

சுஜீவாவுக்கு இது தெரியாது. அவள் ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள். அங்கேயும் சரி, வீட்டிலும் சரி, யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். காடு ஒன்றும் கேட்காது. ரைனே நகரில் தொடங்கி மலைமுகடு வழியே நீளும் ஹெர்மான்ஸ்வேக் பாதையை, தை மாதத்தில், நான்கே நாளில் ஓடி முடிக்க வேண்டும். அவள் தனக்கென்று ஆசைப்பட்ட ஒரே காரியம் அது.

கணவன் கிருஷாந் காரில் கூடவே வந்தான். பாதை தெருவைக் கடக்கும் இடங்களில் சூடான குடிபானமும் காய்ந்த காலுறையும் கொடுப்பான். இரவில் இருவரும் ஏதாவது விடுதியில் தங்குவார்கள்.

"கால் போனா நிப்பாட்டுவன். வீரம் காட்டமாட்டன்," என்று புறப்படும்போதே அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

முதல் நாள் முழுக்க மழை. இரண்டாம் நாள் மழை பனியாக மாறியது. பாதையைக் காட்ட மரங்களில் தீட்டியிருந்த வெள்ளை எச் எழுத்தைப் பார்த்துப் பார்த்து ஓடி, பாட் இபுர்க் அருகே தெருவுக்கு இறங்கினாள். கிருஷாந்தின் காருக்குப் பக்கத்தில் இன்னொரு கார் நின்றது. நீளமான குளிர் ஜாக்கெட், நெற்றியில் திருநீறு, கையில் சுடுதண்ணீர்ப் போத்தலுடன் ஓர் அம்மாள்.

"நான் பவளம். அம்மாவோட ஒரே தொழிற்சாலையில வேலை செய்தனான். நீங்கள் இங்க வருவியளெண்டு அவதான் சொன்னவ. கஞ்சி கொண்டந்தனான், குடியுங்கோ பிள்ளை."

சுஜீவா நின்றபடியே குடித்தாள். உறைப்பும் சூடும் வயிற்றில் இறங்கின.

"என்ர மகள் நிலக்சி ஆஸ்பத்திரியில படுக்கையில கிடக்கிறா. ஏழாம் மாதம். பிள்ளை தங்குமோ எண்டு டொக்டர்மாருக்கே தெரியேல்லை. உங்கட நேர்த்தியில அவளுக்கும் ஒரு மன்றாட்டு வையுங்கோ. நான் சைவக்காரிதான். எண்டாலும் மாதா பாகுபாடு பார்க்கமாட்டா."

"என்ன நேர்த்தி?" என்று கேட்க வாய் திறந்தவள், பவளத்தின் கண்ணைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

"ஓம் அன்ரி. வைக்கிறன்."

காட்டுக்குள் ஏறியதும் தாயைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"அம்மா, என்ன சொல்லி வைச்சிருக்கிறியள்?"

"ஒரு வார்த்தைதானே பிள்ளை. நீ எப்படியும் ஓடி முடிக்கத்தானே போறாய்?"

அன்றிலிருந்து பாதை மாறிவிட்டது. அதே பனி, அதே பீச் மரங்கள்தான். ஆனால் ஒவ்வொரு ஏற்றத்திலும் முகம் தெரியாத நிலக்சி கூடவே ஏறினாள். மூன்றாம் நாள் தன் ஊரான பீலெஃபெல்டைத் தாண்டி, இருட்டுவதற்குள் டெட்மோல்ட் போய்ச் சேர்ந்தாள். இனி ஒரு காலைப்பொழுதுதான் மிச்சம்.

அந்தக் காலையில்தான் விழுந்தாள். எக்ஸ்டெர்ன்ஸ்டைன் பாறைகளை நோக்கி இறங்கும் சரிவில், பனிக்குள் மறைந்திருந்த வேர் ஒன்று காலை மடக்கிவிட்டது. மலைப்பாதைக்கென்று கையில் வைத்திருந்த ஓடுகோல்கள் இரண்டையும் ஊன்றி நொண்டியபடி வாகனத் தரிப்பிடத்துக்கு வந்தாள். அவள் ஓடி முடிப்பதைப் பார்க்கப் புறப்பட்டு வந்த ஞானமலரும் பவளமும் கிருஷாந்தோடு அங்கே காத்து நின்றார்கள்.

கிருஷாந் சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தான். கணுக்கால் மாங்காய்போல் வீங்கியிருந்தது.

"முடிஞ்சுது. காருக்குள்ள ஏறும்."

"நடந்தாவது முடிக்கிறன்."

"கால் போனா நிப்பாட்டுவன் எண்டு நீர்தானே சொன்னனீர்?"

"அது எனக்காக ஓடேக்க," என்றாள் மெதுவாக. "இப்ப நான் நிண்டா அந்த மனுசி என்ன நினைப்பா? மகளுக்கு ஏதும் நடந்தா?"

வீங்கிய காலைச் சப்பாத்துக்குள் திணித்தாள். முகம் வெளுத்தது. நாலு அடி வைத்தாள்.

ஞானமலரால் அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"பவளம், நேர்த்தியுமில்லை, ஒண்டுமில்லை. நான் சொன்ன பொய் அது. அவ தன்ர சந்தோஷத்துக்கு ஓடுறா. சபையில வெக்கப்பட்டு வாயில வந்ததைச் சொல்லிப்போட்டன்."

பாறைகளின் மேல் காகங்கள் கத்தின.

"நான் ரெண்டு நாளா அதைப் பிடிச்சுக்கொண்டுதான் நித்திரை கொண்டனான், ஞானக்கா."

"தெரியும். மன்னிச்சுக்கொள்ளும்."

பவளம் சுஜீவாவிடம் போய்க் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, நீங்கள் காருக்குள்ள இருங்கோ. உங்களுக்கு ஒரு கடனும் இல்லை." பிறகு திரும்பினார். "மாதாட பேரைச் சொன்னது உங்கட வாய். அப்ப மிச்சத்தை நீங்கள்தான் நடந்து முடிக்கோணும்."

"நானோ? எனக்கு முழங்கால் நோவெல்லோ!"

"எனக்கும்தான். வாங்கோ."

ஞானமலர் மகளைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், கைப்பையைக் காருக்குள் வைத்தார்.

சுஜீவா கதவோரம் உட்கார்ந்து, பனியில் வழுக்காமலிருக்கத் தன் சப்பாத்துகளில் மாட்டியிருந்த இரும்பு முள் வார்களைக் கழற்றித் தாயின் சப்பாத்துகளில் மாட்டினாள். ஓடுகோல்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள்.

"இறக்கத்தில சின்ன அடியா வையுங்கோ. அவசரப்படாதேங்கோ," என்றவள் கணவனிடம் திரும்பி, "நீங்களும் கூடப் போங்கோ," என்றாள்.

"நான் ஏன் போகவேணும்?" என்றான் கிருஷாந்.

"இந்த ரெண்டு பேரையும் தனிய விடச் சொல்லுறியளோ?"

அவன் முணுமுணுத்துக்கொண்டே தொப்பியை இழுத்துவிட்டான். மலைக்கு அந்தப் பக்கம், பாதை முடியும் இடத்தில் இறங்கியதும் டாக்சி பிடித்துக் காருக்குத் திரும்பி வருவதாகச் சொன்னான்.

மூவரும் மரங்களுக்குள் போனார்கள். ஞானமலர் செபமாலையை உரக்கச் சொல்லத் தொடங்கினார். அதை மிஞ்சிப் பவளம் தேவாரம் எடுத்தார். நடுவில் அகப்பட்ட கிருஷாந் ஒருமுறை பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தான்.

சுஜீவாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நனைந்தது. இவ்வளவு தூரம் ஓடிவந்தும், கடைசித் துண்டை ஓடாமல் போனது போனதுதான். காலைத் தூக்கி இருக்கையில் வைத்து, கைநிறையப் பனி அள்ளி வீக்கத்தில் அழுத்தினாள்.

அடுத்த குளிருக்கு ரைனேயிலிருந்து திரும்பவும் தொடங்குவாள். அம்மாவிடம் ஸ்பெயினுக்கு விடுமுறையில் போவதாகச் சொன்னால் போதும்.